24ஆம் திகதி மாலை சரிந்த கூரை: பேர்கன் தம்பதியின் பெப்பர்காக்கெ வீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள பேர்கன் நகரில் வசிக்கும் ஒரு தம்பதி, நத்தாருக்கு ஒவ்வோர் ஆண்டும் வீட்டிலேயே மா குழைத்து பெப்பர்காக்கெ வீடு கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஜிஞ்சர்பிரெட் வீடு எனப்படும் அதே பண்டம்தான். இஞ்சி, கறுவா, கராம்பு, மிளகு சேர்த்துச் சுட்ட பிஸ்கற்றுத் தகடுகளைச் சுவராகவும் கூரையாகவும் வெட்டி ஒட்டி நிறுத்துவது. முதல் இரண்டு ஆண்டும் அந்த வீடு நத்தாருக்கு முந்தின மாலையிலேயே சரிந்தது. மூன்றாம் ஆண்டு நின்றது. ஏன் விழுந்தது, எதை மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள் என்பதைப் பதிவு செய்வதே இங்கு நோக்கம்.

இருவரின் சம்மதத்துடன், அவர்களை இன்னார் என்று காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நான் இதே நகரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவன். மனைவியின் குடும்பத்தை நெடுநாளாகத் தெரியும். இரண்டாவது முறை விழுந்த பிறகுதான் விடயம் என்னிடம் வந்தது. அதற்கு முன்பு நடந்தவற்றை அவர்கள் சொன்னதிலிருந்தும் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டேன்.

கணவர் பேர்கனுக்குப் பக்கத்துத் தீவொன்றில் பிறந்து வளர்ந்த நோர்வேஜியர். மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர். பெப்பர்காக்கெ ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கே பாலர் பாடசாலைக்குப் போன பிள்ளை டிசெம்பரில் அந்த மாவை உருட்டாமல் வளர்வது அபூர்வம். பேர்கனில் அது இன்னும் ஒருபடி கூட. 1991 முதல் நகர மத்தியில் பெப்பர்காக்கெபியன் என்ற பிஸ்கற்று நகரம் ஆண்டுதோறும் எழுகிறது. பாலர் பாடசாலைகள், பள்ளிக்கூடங்கள், நிறுவனங்கள், தனிக் குடும்பங்கள் என்று பலரும் வீடு செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 2009 நவெம்பரில் யாரோ உள்ளே புகுந்து அந்த நகரத்தை அடித்து நொறுக்கியபோது, ஊரார் மறுபடியும் சுட்டுக் கொண்டுவந்து அதே பருவத்தில் அதை நிமிர்த்திவிட்டார்கள். அந்த அளவுக்கு இது ஊரோடு ஒட்டிய விடயம். மனைவி நாலு வயதில் செய்த வீடொன்றும் அந்த நகரத்தில் இருந்ததாக அவரின் தாயார் இன்றும் சொல்வார்.

சேர்ந்து வாழத் தொடங்கிய முதல் நத்தாருக்கு, எந்தப் பெற்றோர் வீட்டுக்குப் போவது என்ற கேள்வி வந்தது. 24ஆம் திகதி இரண்டு பக்கத்தாரையும் தங்கள் தொடர்மாடி வீட்டுக்கே அழைப்பது என்று முடிவெடுத்தார்கள். சாப்பாடு கணவர் பக்க முறைப்படி. மேசைக்கு எதிரே இருவரும் சேர்ந்து கட்டிய பெப்பர்காக்கெ வீடு. கடைகளில் வெட்டிச் சுட்ட துண்டுகளோடு தயார்ப் பெட்டி விற்கிறார்கள், மலிவும்கூட. அது வேண்டாம், மாவிலிருந்து எல்லாம் தங்கள் கையால் என்பதுதான் இருவரும் விரும்பிப் போட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை.

வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது. குசினியும் இருக்கும் அறையும் ஒரே கூடம். குசினி யன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. நத்தாருக்கு முந்தின நாலு ஞாயிறுகளை உள்ளடக்கிய அட்வென்ட் காலத்தில் யன்னல்தோறும் காகித நட்சத்திரமும் ஏழு விளக்குத் தாங்கியும் வைப்பது இங்கே வழக்கம். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெப்பர்காக்கெ வீட்டையும் அந்தக் குசினி யன்னல் திட்டிலேயே வைத்தார்கள்.

முதல் ஆண்டு

மா, கணவரின் தாயார் எழுதிக் கொடுத்த அளவு: 150 கிராம் பட்டர், 2 டெசிலீற்றர் (200 மில்லிலீற்றர்) சீனி, 1 டெசிலீற்றர் கறுத்தச் சீனிப்பாணி, 1 டெசிலீற்றர் கிறீம், 450 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, பிறகு வாசனைச் சரக்குகள். நோர்வேயில் பல வீடுகளில் இதை ஒட்டிய அளவுதான் புழங்குகிறது. கறுவாவை மட்டும் மனைவியின் தாயார் தன் கையிருப்பில் இருந்து இடித்துக் கொடுத்தார். கடையில் தூளாக விற்பது பெரும்பாலும் கசியா வகை. அதில் கூமரின் என்ற இயற்கைச் சேர்மம் கூட, அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்கு ஆகாது. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. வீடு விழுந்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் டிசெம்பர் முழுக்க மூக்குத்தூள் அளவில் இதைச் சாப்பிடுகிறவர்கள் அல்ல நோர்வேஜியர்கள், டப்பா டப்பாவாகச் சாப்பிடுகிறவர்கள். அதனால் சொல்லி வைக்கிறேன்.

அட்வென்ட்டின் இரண்டாம் ஞாயிறு மாலை தொடங்கி ஒரே இரவில் முடிக்கத் திட்டம். மாவை ஒரு மணித்தியாலம் மட்டும் குளிரில் வைத்து, 4 மில்லிமீற்றர் கனத்துக்கு உருட்டி, அட்டை வார்ப்பு வைத்து வெட்டி, 175 பாகையில் சுட்டார்கள். அப்பச்சோடா வேலை செய்ததில் துண்டுகள் உப்பி, ஓரங்கள் உருண்டுவிட்டன. நேராக்கலாம் என்று ஆறிய பிறகு கத்தி வைத்ததில் ஒரு முகப்புச் சுவர் விரிசல் விட்டது. சீனியைச் சட்டியில் உருக்கி, ஓரங்களை அதில் தோய்த்து ஒட்டினார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் வீடு நின்றது. இரண்டு கிழமைக்கு மேல் அசையாமலும் நின்றது.

24ஆம் திகதி சாப்பாடு முடிந்து மேசையை ஒதுக்கும்போது கூரையின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மறுநாள் காலை முழுக் கூரையும் உள்ளே கிடந்தது. சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். காரணம் கேட்டபோது எல்லோரும் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்கள். பேர்கனில் அது இயல்பு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. 2006 ஒக்ரோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை 85 நாட்கள் ஒருநாளும் விடாமல் பெய்ததை இன்றைக்கும் ஊரார் பெருமை போலச் சொல்வார்கள். பிஸ்கற்று இளகினால் மழையைக் குற்றம் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இரண்டாம் ஆண்டு

மழையை மாற்ற முடியாது, ஆகவே சுவரைத் தடிப்பாக்குவோம் என்று தீர்மானித்தார்கள். கனம் 8 மில்லிமீற்றர், கூரைக்கும் அதே கனம். ஒட்டுவதற்குச் சீனிப்பாகும் இரண்டு மடங்கு. மறுபடியும் ஒரே மாலை.

இரவு பத்து மணி போல, பாரமான கூரைத் துண்டைச் சட்டியில் தோய்க்கும்போது கணவரின் விரல்கள் பாகில் பட்டன. உருக்கிய சீனி 170 பாகைக்கு மேல் இருக்கும். கொதிநீர் பட்டால் வழிந்து போய்விடும், பாகு தோலிலேயே ஒட்டி நின்று சுடும். மனைவி உடனே அவரின் கையைக் குழாய்க்கடியில் இழுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து வைத்தார். அது சரியான முதலுதவி. ஐஸ் வைக்கவில்லை, எதையும் பூசவும் இல்லை. இரண்டு விரல்களில் கொப்புளம் போட்டதோடு போயிற்று. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அடுப்பில் இருந்த பாகு கருகியது, அதற்குள் சுவர் ஒன்று சாய்ந்தது, யார் அடுப்பை அணைத்திருக்க வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. அடுத்த வருடம் பெட்டி வாங்குவோம் என்றார் மனைவி. பெட்டி வாங்குவதென்றால் எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்றார் கணவர். வீட்டை அவர் மறுநாள் தனியாகத்தான் முடித்தார்.

அந்த வீடு முந்தையதைவிடச் சீக்கிரம் விழுந்தது. 24ஆம் திகதி விருந்தாளிகள் மேசையில் இருக்கும்போதே பின்கூரை வழுக்கி, பின்சுவரையும் இழுத்துக்கொண்டு யன்னல் கண்ணாடியில் போய் மோதியது. மனைவியின் தாயார் கேட்டாராம், "உதென்ன பிள்ளை, ஒவ்வொரு வருசமும் வீடு கட்டி விழுத்துறீங்கள்?" தமிழ் தெரியாத மருமகனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அவதானித்தவை

ஜனவரியில் மனைவி பேக்கரிக்கு வந்து, "அண்ணா, மாவில என்ன பிழை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். மாவிலும் பிழை இருந்தது. ஆனால் மாவின் பிழை என்றால் வீடு டிசெம்பர் 10ஆம் திகதி விழுந்திருக்கலாம், 18ஆம் திகதி விழுந்திருக்கலாம். இரண்டு ஆண்டும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவானேன்?

தொலைபேசிப் படங்களை நேர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தோம். இரண்டாம் ஆண்டின் 24ஆம் திகதி, பிற்பகல் மூன்று மணிப் படத்தில் கூரை முகடு நேராக இருக்கிறது. ஐந்து மணிக்கு, தேவாலய மணி நத்தாரை அறிவிக்கும் நேரத்தில் எடுத்த படத்தில் முகடு நடுவில் வளைந்திருக்கிறது. அதே படத்தில், வீட்டுக்குப் பின்னால் யன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடி, கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் முகடையே பார்த்திருந்தார்கள், கண்ணாடியை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டும் முதலில் போனது பின்கூரை, அதாவது கண்ணாடிப் பக்கம்.

அந்த மாலை அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டேன். மேற்கு நோர்வேயின் நத்தார்ச் சாப்பாடு பின்னெஷொத். உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா எலும்பு இறைச்சியை ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய பானையின் அடியில் பட்டை நீக்கிய பேர்ச் மரக் குச்சிகளை அடுக்கி, குச்சி மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இறைச்சியை மேலே வைத்து மூன்று மணித்தியாலம் போல ஆவியில் அவிப்பார்கள். பக்கத்து அடுப்பில் மசிப்பதற்குக் கோல்ரொட் என்ற மஞ்சள் நிறக் கிழங்கு கொதிக்கும், இன்னொன்றில் உருளைக்கிழங்கு. மூன்று பானையும் யன்னல் திட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில். மதியம் ஒன்றரைக்குப் பானை ஏறியது, ஐந்துக்கு முகடு வளைந்தது.

மழை இதில் நிரபராதி என்பதற்குக் கணக்கே போதும். 3 பாகைக் குளிரில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 6 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடாகும்போது அதன் கொள்ளளவு 18 கிராம் அளவுக்கு உயர்கிறது. ஆகவே வெளியே எவ்வளவு கொட்டினாலும், குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் ஈரப்பதன் முப்பது சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். உதடு வெடிக்கிற வரட்சி அது. பிஸ்கற்றுக்குச் சொர்க்கம். மலிவான ஈரப்பதன் மானி ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னேன். சாதாரண மழைநாளில் புத்தகத் தட்டில் முப்பதுக்குச் சற்று மேல் காட்டியது. உருளைக்கிழங்கு அவித்த மாலை குசினி யன்னல் திட்டில் அறுபதைத் தாண்டியது.

அடுத்த சந்தேகம் சீனிப்பாகு. உருக்கி ஆறிய சீனி, படிகமாகாமல் கண்ணாடி நிலையில் உறைகிறது. காய்ந்த இடத்தில் கல் போல இருக்கும். ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தால் முதலில் மேல்தோல் பிசுபிசுக்கும், பிறகு மெல்ல வழியத் தொடங்கும். பாரம் கூடிய கூரை வேகமாக வழுக்கும், இரண்டாம் ஆண்டு நடந்தது அதுதான். கணவருக்கு இது பிடிக்கவில்லை. "அம்மா எப்போதும் பாகில்தான் ஒட்டுவார். ஒரு வருடம்கூட விழுந்ததில்லை," என்றார். நியாயமான கேள்வி. தாயாரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவரின் வீடு இருந்தது தனி இருக்கும் அறையில், விறகடுப்புக்கு எதிர்ச்சுவரில். குசினிக்கு இடையில் கதவு. 24ஆம் திகதி அந்தக் கதவைச் சாத்தியே வைப்பாராம், இறைச்சி வாசம் திரைச்சீலையில் ஏறக் கூடாது என்று.

உறுதிப்படுத்த ஒரு சிறிய சோதனை செய்தார்கள். மிஞ்சிய மாவில் சுட்ட துண்டுகளை இரண்டிரண்டாகச் செங்கோணத்தில் ஒட்டினார்கள், சில பாகில், சில முட்டை வெள்ளைக்கரு ஐசிங்கில். ஒரு சோடியைக் குளியலறையிலும், ஒன்றை யன்னல் திட்டிலும், ஒன்றைப் புத்தகத் தட்டிலும் வைத்தார்கள். குளியலறையில் பாகு ஒட்டு மறுநாளே திறந்தது, ஐசிங் ஒட்டு நின்றது, ஆனால் அங்கே பிஸ்கற்று இளகிவிட்டது. யன்னல் திட்டில் பாகு சில நாள் தாங்கிப் பிறகு சாய்ந்தது. புத்தகத் தட்டில் இரண்டுமே அசையவில்லை. பாகின் மேல் மட்டும் பழி போட முடியாது என்று கணவருக்கும், பாகும் காரணம்தான் என்று மனைவிக்கும் தெரிந்தது. இருவருமே தாங்கள்தான் சரி என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சாப்பாட்டை மாற்றுவது பற்றிக் கேட்டேன். முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே ஆவி இருக்கும், அதற்குள் வீடு நிற்க வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினோம்.

இடம்தான் பெரிய முடிவு. வீடு யன்னலை விட்டு எதிர்ச்சுவர்ப் புத்தகத் தட்டுக்குப் போனது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது என்பதில் மனைவிக்கு வருத்தம். மின்சூடேற்றிக்கு மேலே வைத்தால் காய்ந்து இருக்குமே என்று கணவர் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் சூடானால் தகடு வளையும், பட்டர் மேலே கசியும் என்று அதை விட்டோம்.

ஒட்டுக்கு ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 250 கிராம் மெலிஸ், அதாவது ஐசிங் சீனி, சில துளி தேசிக்காய்ப் புளி. குழாய்ப் பையிலிருந்து பிழிந்தால் கோடு அப்படியே நிற்கும் பதம். காயும்போது நுண்ணிய சீனிப் படிகங்கள் பின்னிக்கொள்வதால் ஈரத்தில் மென்மையாகலாமே தவிர, பாகு போல வழியாது. குறை, மெதுவாகக் காயும். பச்சை முட்டை பற்றி மனைவியின் தாயார் கவலைப்பட்டார். நோர்வே முட்டைகளில் சால்மொனெல்லா மிக அரிது, அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக்கரு போத்தலில் கிடைக்கிறது என்றேன். போத்தலை வாங்கினார்கள். பாகை முற்றாக விடக் கணவருக்கு மனமில்லை. புகைபோக்கியை மட்டும் பாகில் ஒட்டுவது என்று ஒப்பந்தமானது. அது விழுந்தாலும் வீடு விழாது.

மாவை இரண்டாகப் பிரித்தோம், சாப்பிடுவதற்குத் தாயாரின் அளவு, கட்டுவதற்கு வேறு. கட்டட மாவில் பட்டர் 100 கிராம், கிறீமுக்குப் பதில் அதில் பாதித் தண்ணீர், அப்பச்சோடாவும் பாதி. இரவு முழுக்கக் குளிரில். கொழுப்பும் காற்றும் குறைந்தால் ஓரம் கூர்மையாக நிற்கும். சுவர் 6 மில்லிமீற்றர், கூரை 4 மட்டும். தடிப்பான கூரை பலம் என்பது பிழையான எண்ணம். கூரை தாங்குகிற உறுப்பு அல்ல, சுவர்தான் அதைச் சுமக்கிறது. சுட்டு எடுத்த உடனே, தட்டிலேயே சூடாக இருக்கும்போது வார்ப்பை மறுபடி வைத்து ஓரத்தைச் சீவ வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் விரிசல் விடும்.

உலர்த்துவதில் ஒரு விவாதம் வந்தது. இன்னும் கறுக்கச் சுட்டால் கடினமாகும்தானே என்றார் கணவர். ஆகும். ஆனால் புற்றுநோய் ஆபத்து உண்டு என்று கருதப்படும் அக்ரிலமைட் என்ற சேர்மம் கூடுதலாக உருவாகும் பண்டங்களில் பெப்பர்காக்கெ வகைகளும் ஒன்று. சீனியும், மாவிலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் அதற்குத் துணை போகின்றன. 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி இதற்குக் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்று உற்பத்தியாளருக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சாதா பிஸ்கற்றுக்கு வைத்ததைவிட அது பெரிது. அந்தச் சேர்மம் பெரும்பாலும் 120 பாகைக்கு மேலேதான் உருவாகிறது. ஆகவே வழமையான நிறத்துக்குச் சுட்டு எடுத்து, ஓவனை 100 பாகைக்கு இறக்கி, கதவிடையில் ஒரு மரக்கரண்டி செருகி, துண்டுகளை மறுபடி உள்ளே வைத்து உலர்த்துவது என்று முடிவு. நிறம் ஏறாது, ஈரம் போகும். பேக்கரியில் நாங்கள் காட்சித் துண்டுகளுக்கு இதையே செய்கிறோம்.

மிச்சம் வேலைப் பங்கீடு. ஒரே மாலை என்ற திட்டம்தான் சண்டையின் வேர் என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. வார்ப்பும் குழைப்பும் ஒரு மாலை, சுடுவதும் உலர்த்துவதும் இன்னொரு மாலை, அலங்காரமும் சுவரும் மூன்றாம் மாலை, கூரை அதற்கு மறுநாள். மனைவி கட்டட வரைபட வேலை பார்ப்பவர், அளவும் ஓவனும் அவர் பொறுப்பு. ஐசிங் கணவர் பொறுப்பு. மற்றவர் பொறுப்பில் ஆலோசனை சொல்வதில்லை என்றும் ஒரு விதி போட்டார்கள். நான் கேட்காமலே அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு

நவெம்பர் கடைசியில் தொடங்கினார்கள். துண்டுகள் தட்டையாகக் கிடக்கும்போதே கூரை ஓடுகளும் யன்னல் சட்டமும் பனிக்கோடும் ஐசிங்கில் பிழிந்தாயிற்று. நிமிர்த்திய பிறகு அலங்கரித்தால் கை படும் ஒவ்வொரு முறையும் ஒட்டு அசையும். யன்னல் ஓட்டைகளில் நொறுக்கிய கடின இனிப்பைப் போட்டு ஓவனில் உருக்கிக் கண்ணாடி செய்தார்கள். சுவர்களை நிறுத்தி, உள்ளும் புறமும் தக்காளிச் சாற்று மக்கறல் மீன் ரின்களை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விட்டார்கள். அந்த ரின்கள் எந்த நோர்வே வீட்டிலும் இருக்கும், பாரமும் உயரமும் இதற்கென்றே செய்தது போல. கூரை மறுநாள் ஏறியது. காயும்வரை கூரையின் கீழ் ஓரத்துக்கும் ரின்கள்.

விதி ஒருமுறை மீறப்பட்டது. முகட்டுக் கோட்டில் ஐசிங் தடிப்பாகப் போகிறது என்று மனைவி சொல்லிவிட்டார். கணவர் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார், திரும்பி வந்து அதே தடிப்பில் முடித்தார்.

24ஆம் திகதி பானை ஏறிய நேரத்திலிருந்தே அடுப்புக்கு மேலுள்ள காற்று இழுவை முழு வேகத்தில் ஓடியது. குசினி யன்னல் ஒரு விரற்கடை திறந்து இருந்தது. யன்னல் திட்டில் ஈரப்பதன் எழுபத்தைந்தைத் தாண்டியது, புத்தகத் தட்டில் ஐம்பதை ஒட்டி நின்றது. முகடு நேராக இருந்தது. கோப்பை கழுவும்போதும் நேராக இருந்தது. கணவரின் தாயார் கிட்டப் போய்ப் பார்த்து, ஐசிங்கா, பாகு இல்லையா என்று கேட்டார். புகைபோக்கியைக் காட்டினார்கள்.

எல்லாம் சரியாக வரவில்லை. இனிப்புக் கண்ணாடிகள் அந்த மாலையில் மங்கிப் பிசுபிசுத்தன, ஒன்று சுவரில் சிவப்பாக வழிந்து காய்ந்தது. அவையும் உருக்கிய சீனிதானே. முகட்டு ஐசிங்கில் ஒரு மயிரிழை வெடிப்பு வந்தது, தடிப்பாகப் போட்ட அதே இடத்தில். இதை மனைவி என்னிடம் மட்டும் சொன்னார்.

நத்தாரின் இருபதாம் நாளான ஜனவரி 13 அன்று, வழக்கப்படி வீட்டை உடைத்தார்கள். உலர்த்தியது கொஞ்சம் கூடிவிட்டது. சுத்தியல் வேண்டியிருந்தது, பல்லில் வைக்க முடியவில்லை. சாப்பிடுவதற்கென்று தனியாகச் சுட்ட பிஸ்கற்று எப்போதோ தீர்ந்திருந்தது. மனைவியின் தாயார்தான் ஒரு சுவர்த் துண்டை வெறுந்தேத்தண்ணியில் தோய்த்துப் பார்த்து, "இது நல்லாய்த்தானே கிடக்கு" என்றார். கூரைத் துண்டுகளும் அப்படியே முடிந்தன.

மாற்ற வேண்டியவை

யன்னல் கண்ணாடிக்கு இனிப்பை விட்டு, சீனிக்குப் பதிலாகப் பயன்படும் ஐசோமோல்ட் என்ற இனிப்பூட்டியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். சீனியைவிட அது ஈரத்தை மிகக் குறைவாக இழுக்கும். அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும், ஆனால் நாலு யன்னல் கண்ணாடிக்குள் அந்த அளவு வராது. 100 பாகை உலர்த்தலைச் சுவருக்கு மட்டும் வைத்து, கூரைத் துண்டை நேரத்தோடு எடுத்துவிட்டால் உடைக்கிற நாளில் ஏதாவது தின்னக் கிடைக்கும். முகட்டு ஐசிங் இரண்டு மெல்லிய கோடாக, முதலாவது காய்ந்த பிறகு இரண்டாவது. இதை நான் கணவரிடம் சொன்னேன், மனைவி சொன்னதாகச் சொல்லவில்லை.

பெப்பர்காக்கெபியனுக்கு ஒரு வீடு கொடுக்கலாமே என்ற பேச்சும் வந்தது. கொடுத்தால் நத்தாருக்குத் தங்கள் தட்டில் வீடு இருக்காது. ஆகவே அதே வார்ப்பைச் சிறிதாக்கி இரண்டாவதாக ஒன்று செய்ய யோசிக்கிறார்கள்.

கணவரின் மனதில் இப்போது இருப்பது ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம். 1992இல் எரிந்து, 1997இல் மறுபடி கட்டி முடித்த பேர்கனின் அந்தக் கறுப்புத் தேவாலயத்தை அடுக்கடுக்கான கூரைகளோடு பெப்பர்காக்கெயில் எழுப்ப வேண்டுமாம். செங்குத்தான கூரை சுவரை வெளியே தள்ளுவது குறைவு, ஆனால் காயும்வரை வழுக்கும், அடுக்குக்கு அடுக்கு ஒரு நாள் விட வேண்டும், நாலு மாலை போதாது என்றேன். மனைவி வரைபடத்தைத் தொடங்கிவிட்டார். கீழ் அடுக்கின் வார்ப்பு முடிந்தது. கூரைச் சரிவைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் 60 பாகை என்கிறார், மற்றவர் 55.